சாவியை எடுத்த பின் எரிந்த வண்டிகள்

சங்கரன்கோவிலில் மாலை நேரம் சாலையோரம் நின்று, போகும் லாரிகளைப் பாருங்கள். விசைத்தறிக் கூடங்களிலிருந்து சேலைக் கட்டுகளும் துண்டுக் கட்டுகளும் ஏற்றிய லாரி ஒன்று போகும். அதன் பின்னால் பஞ்சுப் பொதி ஏற்றியது ஒன்று. கோவில்பட்டிப் பக்கமிருந்து தீப்பெட்டிப் பண்டல்களோடு ஒன்று. அறுவடைக் காலமானால் சாலையின் அகலத்தையே அடைத்துக்கொண்டு வைக்கோல் லாரி வரும். பஞ்சு, துணி, வைக்கோல், தீக்குச்சி எல்லாமே எளிதில் தீப்பற்றும் சரக்குகள்.

லாரி தீப்பிடித்தது என்று செய்தி வந்தால் நாம் வழக்கமாக என்ன நினைக்கிறோம்? வைக்கோல் மின்கம்பியில் உரசியிருக்கும்; பிரேக் பிடித்துப் பிடித்துச் சக்கரம் காய்ந்திருக்கும்; டீசல் குழாய் கசிந்து எஞ்சின் மேல் பட்டிருக்கும். இவை யாவும் உண்மையான காரணங்களே. ஆனால் இவையெல்லாம் ஓடும் வண்டிக்கு நேருபவை. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மணி நேரம் கழிந்தது. எஞ்சின் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிவிட்டது. அப்போது வண்டியின் முன்புறத்திலிருந்து புகை கிளம்பினால்? நம் ஊர் லாரிகளில் இரவு நேரத்தில் கிளீனர் உள்ளேயே படுத்து உறங்குவார் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் விளங்கும்.

இது கற்பனைக் கேள்வி அன்று. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி தயாரித்த 'பிக்கப்' எனப்படும் சிறு லாரிகளிலும் வேறு பல வண்டிகளிலும் இதுவே நடந்தது. வீட்டு முன்றிலில் நிறுத்திய வண்டி நள்ளிரவில் எரிந்தது. சில இடங்களில் வீடும் சேர்ந்து எரிந்தது. காரணத்தைத் தேடிப் போனவர்கள் கடைசியில் வந்து சேர்ந்தது விரல் நுனியளவே உள்ள ஒரு சுவிட்சிடம்.

ஒரு சுவிட்சின் கதை

அந்நாட்டின் நீண்ட நெடுஞ்சாலைகளில் வண்டியை ஒரே வேகத்தில் தானாக ஓடச் செய்ய ஒரு கருவி உண்டு. அதை இயக்கிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். ஆனால் பிரேக்கை மிதித்த உடனே அது விலகிக்கொள்ள வேண்டும் அல்லவா? அதற்கு முதலில் ஒரு மின் சுவிட்ச் இருந்தது. அது ஒருவேளை வேலை செய்யாமற் போனால் என்ன செய்வது என்று, இரண்டாவது காவலாக இன்னொரு சுவிட்சையும் வைத்தார்கள். தீ வைத்தது இந்த இரண்டாவது காவலாளிதான்!

இந்த சுவிட்ச் பிரேக் எண்ணெய் நிற்கும் மாஸ்டர் சிலிண்டரில் திருகப்பட்டிருந்தது. அதன் உள்ளே ஒரு பக்கம் பிரேக் எண்ணெய். மறு பக்கம் மின்சாரம் பாயும் செம்பு, பித்தளை முனைகள். இரண்டுக்கும் நடுவே தாள் போன்ற மெல்லிய சவ்வு. பிரேக்கை மிதித்ததும் எண்ணெயின் அழுத்தம் சவ்வைத் தள்ளும், சவ்வு மின் முனைகளைப் பிரிக்கும், மின்சுற்று அறுபடும். எளிய, அழகான ஏற்பாடு. சவ்வு 'காப்டன்' என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. விண்கலங்களில் வெப்பக் காப்பாகப் பயன்படும் அதே பொருள். மட்டமான பொருளைப் போட்டுவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

ஆனால் ஒரு வண்டியின் வாழ்நாளில் பிரேக் எத்தனை லட்சம் தடவை மிதிக்கப்படுகிறது! ஒவ்வொரு மிதிக்கும் சவ்வு வளைகிறது, நிமிர்கிறது. ஒரு தகரத் துண்டை இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் மடிப்பில் விரிசல் விடுவதைக் கண்டிருப்பீர்கள். சவ்விலும் மயிரிழை போன்ற விரிசல் விழுந்தது. அதன் வழியே பிரேக் எண்ணெய் துளித்துளியாகக் கசிந்து மின் முனைகள் இருக்கும் பக்கம் போய்ச் சேர்ந்தது.

இதோடு இன்னொரு குறையும் சேர்ந்துகொண்டது. இந்த சுவிட்சுக்கு வரும் மின்சாரம் சாவியைக் கேட்டு வருவதில்லை. பேட்டரியிலிருந்து நேரே வந்தது. வண்டி ஓடினாலும் நின்றாலும், சாவி உள்ளே இருந்தாலும் ஓட்டுநரின் சட்டைப் பையில் இருந்தாலும், அந்த முனையில் 12 வோல்ட் எப்போதும் நின்றது.

எண்ணெய் மின்சாரத்தைக் கடத்துமா?

'எண்ணெய் மின்கடத்தி இல்லையே!' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பிரேக் எண்ணெய் என்று சொல்கிறோமே தவிர, பெரும்பாலான வண்டிகளில் ஊற்றுவது உண்மையில் எண்ணெய் அன்று. கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த திரவம். புதிதாக இருக்கும்போது மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. நாட்பட நாட்பட ஈரமும், உலோகங்களிலிருந்து கரைந்து வந்த அயனிகளும் அதில் சேருகின்றன. அப்போது அது மின்பகுளியாகிவிடுகிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். மூன்று டார்ச் செல்களை வரிசையாக இணையுங்கள். ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கையும் தொடரில் சேர்த்து, இரண்டு செம்புக் கம்பிகளின் நுனிகளை நீரில் அருகருகே அமிழ்த்துங்கள். நுனிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது, தொட்டால் எல்.இ.டி. கெட்டுப் போகும். விளக்கு எரியாது, அல்லது மங்கலிலும் மங்கலாகத் தெரியும். (எங்கள் வட்டாரத்துக் கிணற்று நீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பே விளக்கை எரித்துவிடும். ஆகவேதான் வடித்த நீர் கேட்டேன்.) இப்போது ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்குங்கள். விளக்கு எரியும். அப்படியே சிறிது நேரம் விட்டு வையுங்கள். பேட்டரியின் நேர்முனையோடு சேர்ந்த கம்பி அரிபட்டு, அதைச் சுற்றி நீர் நிறம் மாறிக் கலங்குவதைக் காண்பீர்கள். செல்களை மட்டுமே பயன்படுத்துங்கள். சுவரில் உள்ள மின் இணைப்பின் பக்கம் போக வேண்டாம்.

அந்த சுவிட்சுக்குள் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். மின் முனை அரிபட்டது. அரிபட்ட உலோகம் திரவத்தில் கலந்தது. திரவம் இன்னும் நன்றாகக் கடத்தியது. அதனால் இன்னும் அதிகமாக அரித்தது. மின்சாரம் முனையிலிருந்து திரவத்தின் வழியே சுவிட்சின் இரும்பு உடலுக்குப் பாய்ந்தது. அந்த உடலோ வண்டியின் சட்டத்தோடு, அதாவது பேட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்தது. சுற்று முழுமையாயிற்று. இது நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஓசையின்றி நடக்கும் வேலை.

ப்யூஸ் ஏன் காப்பாற்றவில்லை?

பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம்: மின்னோட்டம் அளவு மீறினால் ப்யூஸ் உருகிச் சுற்றைத் துண்டிக்கும். அந்த வண்டிகளிலும் ப்யூஸ் இருந்தது. பிறகு ஏன் எரிந்தது?

ஒரு கணக்குப் போடுவோம். சுற்றில் 15 ஆம்பியர் ப்யூஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுவிட்சுக்குள் கசியும் மின்னோட்டம் 5 ஆம்பியர் என்று கொள்வோம். ப்யூசைப் பொறுத்தவரை 5 ஆம்பியர் சாதாரண மின்னோட்டம். அது உருக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் சுவிட்சுக்குள் வெளிப்படும் திறன் எவ்வளவு? வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள்: 12 × 5 = 60 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதன் நுனியில் ஈயம் உருகி ஓடுகிறது. இங்கே விரல் நுனியளவு பிளாஸ்டிக் சுவிட்சுக்குள் 60 வாட்! பிளாஸ்டிக் கருகிக் கரியாகிறது. கரியோ மின்கடத்தி. வெப்பம் ஏறுகிறது. சூடேறிய பிரேக் திரவம் ஆவியாகித் தீப்பற்றக் கூடியது. அத்துடன் மேலே மாஸ்டர் சிலிண்டரில் அந்தத் திரவம் நிறையவே இருக்கிறது.

ஆகவே ப்யூஸ் இருந்தால் போதாது. காக்க வேண்டிய கம்பிக்கும் கருவிக்கும் ஏற்ற அளவில் அது இருக்க வேண்டும். அந்த சுவிட்ச் வேலை செய்ய மிகச் சிறிய மின்னோட்டமே போதும். ஆனால் பெரிய சுற்றுக்குரிய ப்யூசை நம்பி அதை விட்டிருந்தார்கள். கடைசியில் கம்பெனி கண்ட பரிகாரமும் இதுவே. சுவிட்சுக்குப் போகும் கம்பியின் நடுவே, குறைந்த ஆம்பியர் ப்யூசோடு கூடிய ஒரு சிறு இணைப்புக் கம்பியைச் செருகினார்கள். கசிவு தொடங்கி மின்னோட்டம் ஏறினால் இந்த ப்யூஸ் உருகிவிடும்; தீ மூளாது. கையளவுக் கம்பி, சில நிமிட வேலை.

வண்டியைத் திரும்ப அழைத்தல்

விற்றுத் தீர்ந்த வண்டிகளில் ஆபத்தான குறை இருப்பது தெரிய வந்தால், தயாரித்த கம்பெனியே அவற்றின் சொந்தக்காரர்களுக்குத் தகவல் அனுப்பி, வண்டியை வரவழைத்து, காசு வாங்காமல் சரி செய்து தருவதற்கு 'ரீகால்' என்று பெயர். திரும்ப அழைத்தல் என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் இதற்கு வழி செய்தது.

ஃபோர்டு இந்த சுவிட்சுக்காக முதலில் 1999-இல் சுமார் 2,79,000 கார்களை அழைத்தது. அத்துடன் விஷயம் முடிந்ததாகத் தோன்றியது. முடியவில்லை. 2005 ஜனவரியில் ஏறத்தாழ 8 லட்சம் வண்டிகள். பெரும்பாலும் பிக்கப் லாரிகள். அதே ஆண்டு செப்டம்பரில் 38 லட்சம். 2007-இல் 36 லட்சம். 2009 அக்டோபரில் 45 லட்சம். இடையில் அழைத்தவற்றையும் சேர்த்தால் மொத்தம் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல். ஒரே வகை சுவிட்சுக்காகப் பத்து ஆண்டுகள் திரும்பத் திரும்ப அழைப்பு! முதல் தடவையே எந்தெந்த வண்டியில் இந்த சுவிட்ச் இருக்கிறது என்று முழுதும் அலசியிருந்தால் பல வீடுகள் எரியாமல் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அவசரத்தில் இன்னொரு சிக்கலும் எழுந்தது. லட்சக்கணக்கான வண்டிகளுக்கு வேண்டிய இணைப்புக் கம்பிகள் உடனே கிடைக்கவில்லை. ஆகவே 2005-இல் பட்டறைகளில் முதல் வேலையாக சுவிட்சிலிருந்து மின்கம்பியைக் கழற்றி மட்டும் விட்டார்கள். வேகக் கருவி வேலை செய்யாது. ஆனால் வண்டி எரியாது. பின்னர் உதிரிப் பாகம் வந்ததும் மீண்டும் வரச் சொன்னார்கள். ஆபத்தை முதலில் அகற்று, வசதியைப் பிறகு கொடு என்ற இந்த முறை சரியானதே.

இவ்வளவு செய்தும் 2008-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்நாட்டு அரசு ஓர் எச்சரிக்கை விடுத்தது. அழைக்கப்பட்ட வண்டிகளில் சுமார் 50 லட்சம் இன்னும் பட்டறைக்கே வரவில்லை! பரிகாரம் தெரியும், கட்டணம் கிடையாது, கடிதம் அனுப்பியாயிற்று. ஆனால் வண்டி வரவில்லை. 'இத்தனை நாள் நன்றாகத்தானே ஓடுகிறது' என்று இருந்தவர்கள் சிலர். கடிதமே கைக்கு வராதவர்கள் பலர்.

நம் நாட்டில்

இந்தியாவில் இப்பழக்கம் மெதுவாகவே வந்தது. 2010-இல் நானோ கார்கள் சில தீப்பிடித்தபோது, டாடா கம்பெனி அதை 'ரீகால்' என்று சொல்லாமலே, அதுவரை விற்ற 70,000-க்கும் மேற்பட்ட கார்களின் மின்சுற்றுக்கும் புகைபோக்கிக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. 2012-இல் வாகனத் தயாரிப்பாளர் சங்கம் தானாகவே ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110-ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி மத்திய அரசே ஒரு வகை வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு ஆணையிடலாம். கம்பெனி வண்டியின் விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது மாற்று வண்டி தர வேண்டும், அல்லது பழுது நீக்கித் தர வேண்டும், அபராதமும் உண்டு. ஆனால் கம்பெனி தானே குறையைக் கண்டு முன்வந்து அழைத்தால் அபராதம் இல்லை. உண்மையை மறைப்பதைவிட ஒப்புக்கொள்வது லாபம் என்று ஆக்கிய இந்த விதி கெட்டிக்காரத்தனமானது. இதற்கான விதிமுறைகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தன.

மறு ஆண்டே தமிழ்நாட்டுக்கு இது சொந்தக் கவலையாயிற்று. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜ் ஏற்ற இணைத்திருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் பள்ளி மாணவியான மகளும் இறந்தார்கள். இங்கும் வண்டி ஓடவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தது. அடுத்த மாதம் ஒக்கினாவா கம்பெனி 3,215 ஸ்கூட்டர்களையும், ஓலா கம்பெனி 1,441 ஸ்கூட்டர்களையும் சோதனைக்காகத் திரும்ப அழைத்தன.

மூன்றாம் கைக்கு வந்த லாரி

லாரிக்கு இந்த ஏற்பாடு எட்டுமா? ஒரு லாரியை எண்ணிக்கொள்வோம். நாமக்கல்காரர் ஒருவர் அதைப் புதிதாக வாங்குகிறார். கம்பெனியிலிருந்து வருவது பெரும்பாலும் எஞ்சினும் சட்டமும் சக்கரங்களும்தான். திருச்செங்கோட்டிலோ நாமக்கல்லிலோ பாடி கட்டுகிறார்கள். ஆறு ஆண்டு ஓட்டியபின் மதுரைக்காரருக்கு விற்கிறார். அங்கிருந்து பத்தாம் ஆண்டில் அது சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்கிறது. கம்பெனியின் ஏட்டில் இருப்பது முதல் சொந்தக்காரரின் முகவரி. கடிதம் நாமக்கல்லுக்குப் போகும். லாரி இங்கே நிற்கும். மேலும் நம் விதி ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளைப் பற்றியே பேசுகிறது. சவ்வு விரிசல் விடுவதும், திரவம் ஈரம் உறிஞ்சுவதும், கம்பியின் மேலுறை வெடிப்பதும் முதுமையில் வரும் நோய்கள். லாரிகளோ நம் நாட்டில் ஏழு ஆண்டுக்குப் பின்னும் வெகு காலம் உழைப்பவை. இந்த வரம்பு லாரிக்குப் பொருந்தாது என்றே தோன்றுகிறது.

ஆனாலும் ஊர் ஊராகக் கை மாறும் வண்டியோடு மாறாமல் வரும் அடையாளம் ஒன்று உண்டு. அதுதான் சேஸிஸ் எண். பதினேழு எழுத்தும் இலக்கமும் கொண்டது. இரும்புச் சட்டத்தில் பதித்திருக்கும். 1, 0 என்ற இலக்கங்களோடு குழம்பக்கூடாது என்பதற்காக ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அதில் சேர்ப்பதில்லை. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ லாரி, வேன், டிராக்டர், ஸ்கூட்டர் எது இருந்தாலும், அந்த எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் செய்வது போலத்தான். ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கம்பெனியின் அதிகாரம் பெற்ற பட்டறையிலோ, கம்பெனியின் இணையப் பக்கத்திலோ, இந்த எண்ணுக்கு ஏதேனும் அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று கேட்கலாம். வண்டியை யாரிடமிருந்து வாங்கினோம் என்பது அங்கே தடையாக இருக்க வேண்டியதில்லை, குறை வண்டியுடையது. பணி முடிந்தால் அதைக் குறித்து எழுத்தில் வாங்கி ஆர்.சி.யோடு வைத்தால், அடுத்து வாங்குபவருக்கும் உதவும். குறை இருந்தும் அழைப்பு வரவில்லையென்றால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'வாகன்' தளத்தில் புகார் பதிவு செய்ய வழி உண்டு.

திரும்ப அழைத்துச் சரி செய்த வேலையை நாமே கெடுத்துக்கொள்வதும் உண்டு. லாரிக்கு அலங்கார விளக்குகள், பெரிய ஹாரன், பாட்டுப் பெட்டி என்று பாடி கட்டும்போதும் பிறகும் சேர்க்கும் கம்பிகள் பல, ப்யூஸ் பெட்டிக்கு வராமல் நேரே பேட்டரிக்குப் போகின்றன. அந்த அமெரிக்க சுவிட்சைப் போலவே சாவியைக் கேட்காத மின்சாரம்! அடிக்கடி ப்யூஸ் போகிறது என்று அதன் இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். நம் பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடரில் இணைத்து 24 வோல்ட்டாகப் பயன்படுத்துகிறார்கள். மேலே போட்ட கணக்கை அதற்கு மாற்றிப் போடுங்கள். அதே 5 ஆம்பியர் கசிவு இப்போது 120 வாட்.

பல லாரிகளில் பேட்டரிப் பெட்டியின் அருகிலோ ஓட்டுநர் இருக்கையின் அருகிலோ 'கட்-ஆஃப்' சுவிட்ச் ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் பேட்டரியிலிருந்து வண்டிக்குப் போகும் மின்சாரமே அறுபடும். ஆனால் பேட்டரியில் நேரே முறுக்கிய கம்பிகள் இதற்கும் அடங்கா. உங்கள் தெருவில் நிற்கும் லாரியில் அது எங்கே இருக்கிறது, இரவில் கிளீனர் படுக்கப் போகும்முன் அதைத் திருப்புகிறாரா என்று ஓட்டுநர் அண்ணாச்சியிடமே கேட்டுப் பாருங்கள்.